கேமிங் சென்டருக்கு எந்தக் கணினி? வாங்கும் முன் சில சொற்கள்



திருவண்ணாமலையில் ஒரு கேமிங் சென்டர் தொடங்கலாமா என்னும் பேச்சு நம் இல்லங்கள் சிலவற்றில் எழுந்துள்ளது. சவூதியிலோ துபாயிலோ சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய பிள்ளை, கையில் சேர்த்து வைத்த ஒரு தொகை, கல்லூரி மாணவர் நடமாடும் சாலையில் வாடகைக்கு ஒரு கடை. இவ்வளவும் கூடியதும் பட்டியல் ஒன்று தயாராகிவிடுகிறது. பத்துக் கணினிகள், சந்தையிலேயே உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர், வண்ண விளக்கு மின்னும் கேபினெட், பந்தயக் கார் இருக்கை போன்ற நாற்காலி. கைப்பணம் எட்டாத இடத்தை நகைக்கடனோ தவணைக்கடனோ நிரப்பும் என்பது கணக்கு.

இந்தப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்று எழுத வேண்டும் என்பதே நம் கருத்து. தொழிலைத் தடுப்பது நம் நோக்கமன்று. கணினி விளையாட்டு எந்த அளவில் ஆகும், எந்த அளவில் ஆகாது என்னும் மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது அவரவர் கடமை. அவ்வாறு கேட்டு, இத்தொழிலில் இறங்குவதென முடிவு செய்துவிட்ட குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம். எந்தக் கணினி என்பதைத் தீர்மானிக்கும்போதே எத்தகைய கடை, எவர் வந்து அமர்வார், குடும்பம் எவ்வளவு கடனில் நிற்கும் என்பனவும் தீர்மானமாகிவிடுகின்றன. அதனால் இது கடைக்காரப் பிள்ளை ஒருவரிடம் மட்டும் விட்டுவிடத் தக்க முடிவன்று. பெற்றோரும் மனைவியும் பங்கு போடும் உறவினரும் உட்கார்ந்து பேச வேண்டியது.

பழைய பிரவுசிங் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குத் தமிழகத்தின் ஒவ்வோர் ஊரிலும் பிரவுசிங் சென்டர்கள் தழைத்தன. சிஃபி ஐ-வே என்ற பெயர்ப்பலகை பெருநகரத் தெருக்களில் பழகிய காட்சியாயிற்று. நம் ஊரில் தேர்வு முடிவு பார்க்க மாணவரும், மின்னஞ்சல் பார்க்க ரமணாசிரமத்துக்கு வந்த வெளிநாட்டவரும் அந்தக் கடைகளில்தான் அமர்ந்தனர். கைப்பேசியில் இணையம் வந்தபோது அவை தளர்ந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் எஞ்சியவையும் ஜெராக்ஸ் கடைகளாகவும் இ-சேவைக் கடைகளாகவும் உருமாறின. அந்த உரிமையாளர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் வாடகைக்குக் கொடுத்த பொருள் ஒவ்வொருவர் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே இன்று கணினி வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கைப்பேசியில் கிடைக்காத எதை இந்தக் கடை தரப் போகிறது என்பதே. அகன்ற திரை, கீபோர்டும் மவுஸும், தடுமாறாத இணைப்பு, பக்கத்து நாற்காலியில் நண்பன். இந்நான்கில் கடைசியானதே கனமானது. தென்கொரியாவின் ‘பிசி பாங்’ கடைகள் இதற்குச் சான்று. 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வேலை இழந்தோர் பலர் அத்தொழிலில் இறங்கினர். சில ஆண்டுகளில் அத்தகைய கடைகள் 20,000-ஐத் தாண்டின. அவற்றை நிறைத்த விளையாட்டு 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட். அது 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் பிராசசரிலும் 16 எம்பி ரேமிலும் ஓடக்கூடியது. அன்றைய கணக்கிலும் அது எளிய கணினிதான். இளைஞர் அங்கே கூடியது படத்தின் பளபளப்புக்காக அன்று, ஒருவரோடொருவர் அமர்ந்து ஆடுவதற்காக.

நம் ஊர் மாணவர் கேட்கும் விளையாட்டுகளும் பெரும்பாலும் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, கால்பந்து ஆட்டங்கள் என்ற வட்டத்துக்குள்தான். இவற்றில் முதல் இரண்டும் கிராஃபிக்ஸ் கார்டைக் காட்டிலும் பிராசசரையே அதிகம் சார்ந்தவை. ஆறு கோர் கொண்ட ஏஎம்டி ரைசன் 5 5600 அல்லது இன்டெல் கோர் ஐ5 12400எஃப் போன்ற நடுத்தரப் பிராசசர் இவற்றுக்குத் தாராளம். 24 அங்குலத் திரை, 1080பி, 144 ஹெர்ட்ஸ் போதும். 240 ஹெர்ட்ஸ் என்பது போட்டிகளில் ஆடிப் பழகிய சிலரே வேறுபாட்டை உணரும் எல்லை. அந்தச் சிலருக்காக ஒவ்வொரு திரைக்கும் கூடுதல் விலை கொடுப்பது வீண்விரயம் என்றே சொல்வோம்.

ரேம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி வீதம் இரண்டு பட்டைகளாக இருக்க வேண்டும். ஒரே பட்டையாகப் போட்டால் வேகம் குறையும். 2025இன் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆறு மாதத்துக்கு முந்தைய யூடியூப் காணொளியைப் பார்த்துப் போட்ட பட்ஜெட்டை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அன்றைய விலையை எழுத்தில் வாங்குங்கள். சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டும். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். கடைக்காரர் படவேகத்தைச் சொல்வார். மின்சாரத்தையும் வெப்பத்தையும் யாரும் சொல்வதில்லை. என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 முழு வீச்சில் 170 வாட் இழுக்கும். அதற்கு அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 4060 அதே வேலையையோ அதற்கு மேலாகவோ 115 வாட்டில் செய்யும். வேறுபாடு 55 வாட். ஒரு கணினிக்கு அற்பமாகத் தோன்றும். பத்துக் கணினிகள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் அது 5.5 யூனிட், மாதத்துக்கு 165 யூனிட். கடைக்கு வணிகக் கட்டணம். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் கடைக்குக் கிடையாது.

வெப்பக் கணக்கு இதைவிட முக்கியமானது. கணினி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்குகிறது. திரையும் சேர்த்து ஒரு கணினிக்கு 250 வாட் என்று கொண்டால் பத்துக்கு 2.5 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். அதாவது ஒரு டன் ஏசியின் திறனில் பத்தில் ஏழு பங்கைக் கணினிகளே விழுங்கிவிடும், மனிதர் உள்ளே நுழையும் முன்பாகவே. அதன்மேல் பத்து உடல்களின் சூடு, சித்திரை மாதத்தில் கான்கிரீட் கூரை வழியே இறங்கும் வெயில், அடிக்கடி திறந்து மூடும் கண்ணாடிக் கதவு. மலையடிவாரப் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை விடாமல் வைத்திருக்கும் ஊர் இது. இங்கே உயர்ந்த கார்டு வாங்குவோர் அதைக் குளிர்விக்க இரண்டாவது ஏசியும் வாங்க வேண்டி வரும். அதைப் பட்டியலில் எழுதுவோர் அரிது.

மின்சாரத்தைப் பற்றி இன்னொரு சொல். வீட்டின் முன்னறையைக் கடையாக்கி வீட்டு மீட்டரிலேயே ஓட்டுவது என்ற யோசனை வருமானால் அதை முளையிலேயே கிள்ளுங்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். நாட்டு மக்கள் அனைவரின் வரிப்பணத்தில் வீடுகளுக்கு வழங்கப்படும் சலுகையை வியாபாரத்துக்குத் திருப்புவது ஹலாலான சம்பாத்தியத்தில் கலக்கும் அந்நியப் பொருள்.

எஸ்எம்பிஎஸ்-இல் சிக்கனம் பார்க்காதீர்கள். விலை குறைந்த பெட்டி எரிந்தால் தனியாக எரிவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை பெற்ற, பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட் பெட்டி இத்தகைய கணினிக்குப் போதுமானது. இத்தகைய நல்ல பெட்டிகள் சில, ஸ்கொயர் வேவ் வகை மலிவு இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் மின்வெட்டின்போது அணைந்துவிடும். எனவே யுபிஎஸ் வாங்கும்போது ப்யூர் சைன்வேவ் தானா என்று கேட்டுப் பெறுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, கடை வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கும் முன்னதாக, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக் கட்டடத்தின் எர்த் இணைப்பைச் சோதியுங்கள். எர்த் இல்லாத கட்டடத்தில் உலோகக் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். வியர்த்த கையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்திருப்பவன் பிறர் வீட்டுப் பிள்ளை. அவன் உங்கள் கூரையின் கீழ் இருக்கும் வரை அமானிதம்.

கேபினெட்டுகளைத் தரையில் வைக்க வேண்டாம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் ஊரில் என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மலையிலிருந்து மண் சரிந்து உயிர்கள் போயின. அந்த இழப்போடு ஒப்பிட்டால் கணினி ஒரு பொருட்டே அன்று. ஆயினும் தரைத்தளக் கடைக்கு ஓர் அடி உயர இரும்புச் சட்டம் செலவு குறைந்த காப்பு.

இணைப்பு விஷயத்தில் வைஃபையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் கேட் 6 கேபிளும், நடுவே ஒரு கிகாபிட் சுவிட்சும் வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். பத்துக் கணினிகளும் தனித்தனியே இறக்கினால் இருபத்திரண்டு மணி நேரம் இணைப்பு முடங்கும். ஸ்டீம் செயலியில் 2023 முதல் உள்ளூர் நெட்வொர்க் வழியே விளையாட்டை நகலெடுக்கும் வசதி உள்ளது. ஒரு கணினியில் மட்டும் இறக்கிவிட்டு, மற்றவற்றுக்குக் கேபிள் வழியே கால் மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். இது தெரியாமல் அதிவேக இணைப்புக்கு மாதாமாதம் கூடுதல் தொகை கட்டுவோர் இருக்கிறார்கள்.

பழைய பொருள் வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். வாங்கலாம். என்ன வாங்குகிறோம் என்பது தெரிந்து வாங்க வேண்டும். அலுவலகங்களில் கழித்துவிட்ட கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. வின்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்க வேண்டும். ஆக, மலிவாக வந்த பெட்டியில் கடையின் முதன்மையான விளையாட்டே ஓடாமல் போகலாம். பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு வேறொரு கதை உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயத்தின் ‘மைனிங்’ முடிவுக்கு வந்தது. இரவும் பகலும் இடைவிடாது சுட்டுக்கிடந்த கார்டுகள் உலகெங்கும் துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்து விற்பனைக்கு வந்தன. அவற்றுள் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விசிறி ஆடுகிறதா, குளிர்விக்கும் பசை காய்ந்திருக்கிறதா, அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தால் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பாராமல் பணம் கொடுக்காதீர்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளதை நாம் அறிவோம். அந்த வணிகரின் இடத்தில் நாமே நிற்கும் நாளும் வரும். மூன்றாண்டு கழித்து நம் கடைக் கணினியை ஒரு மாணவனுக்கு விற்கும்போது, இது கேமிங் சென்டரில் நாளெல்லாம் ஓடியது என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும். அதனால் விலை குறையும், குறையட்டும்.

மென்பொருளைப் பட்டியலில் எழுதாமல் விடுவது இத்தொழிலின் பொது வழக்கம். கிராக் செய்த வின்டோஸ், கிராக் செய்த விளையாட்டு என்று ஆரம்பிக்கிறார்கள். வீட்டுக்கு வாங்கும் சாதாரண வின்டோஸ் உரிமம்கூடக் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதற்கு அனுமதி தருவதில்லை என்பதைப் பலர் அறியார். அதற்கு உரிய உரிமம் எது என்று விற்பனையாளரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். ஸ்டீம் நிறுவனமும் இத்தகைய கடைகளுக்கென்றே தனித் திட்டம் வைத்துள்ளது. பிறர் உழைப்பைத் திருடி வாடகைக்கு விட்டு வரும் காசில் வீட்டுக்கு அரிசி வாங்குவது எப்படிச் சரியாகும்? மார்க்கப் பேணுதலை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கிராக் மென்பொருளோடு கடவுச்சொல் திருடும் நிரல்களும் ஒட்டிக்கொண்டு வரும். கடையில் அமர்ந்து கணக்கைத் திறந்த பிள்ளையின் கணக்கு பறிபோனால் கடையின் பெயரும் அன்றே போய்விடும். கணினியை ஒவ்வொரு முறை மறுதொடக்கம் செய்யும்போதும் பழைய நிலைக்கே திருப்பிவிடும் ‘டீப் ஃப்ரீஸ்’ போன்ற மென்பொருளை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இனி அறையின் அமைப்பு. தனித்தனிக் கேபின் கட்டிக் கதவு போட்டால் கட்டணம் கூட வாங்கலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. அதை ஏற்காதீர்கள். 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் பொதுமக்களுக்கு இணையத்தைக் கட்டணத்துக்குத் தரும் கடைகளுக்கானவை. தடுப்பு எழுப்பினால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்புக்கு வெளியே உள்ள கணினிகளின் திரைகள் பொது இடத்தை நோக்கியே இருக்க வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் சிறுவரைத் தடுப்புக்குள் அமர்த்தக் கூடாது. வருவோரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, அதனை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். இவற்றைச் சுமை என்று கருதாமல் பெற்றோராக நின்று படித்துப் பாருங்கள். நம் பிள்ளை போகும் கடை எப்படி இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவோமோ அப்படித்தான் இவை சொல்கின்றன. நீளமான மேசை, திறந்த அமைப்பு, கல்லாவில் இருப்பவர் எல்லாத் திரைகளையும் ஒரே பார்வையில் காணும் வரிசை. கேபினுக்கு ஆகும் மரச்செலவு மிச்சம். அதை நல்ல வலைத்துணி முதுகு நாற்காலிகளுக்குச் செலவிடுங்கள். ரெக்சின் போர்த்திய ‘கேமிங்’ நாற்காலி நம் ஊர் வெயிலில் வியர்வையில் ஊறி விரைவில் உரிந்துவிடும்.

மானிட்டரின் தரத்தை நியாயப்படுத்த ‘டோர்னமென்ட் நடத்துவோம்’ என்ற பேச்சும் எழும். அதிலே ஒரு கண்ணி இருக்கிறது. ஆடுவோர் அனைவரிடமும் நுழைவுக்கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தையே திரட்டி வென்றவருக்குக் கொடுப்பது சூதின் சாயல் கொண்டது என்று ஆலிம்கள் எச்சரிக்கிறார்கள். நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் இறுகி வருகிறது. தமிழக அரசின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ரம்மி ஆட வருவோரால் நள்ளிரவில் கடை நிறையும் என்று எவரேனும் ஆசை காட்டினால், அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்த்துக் கணினி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆடாத ஒருவர் தம் பணத்திலிருந்து கொடுக்கட்டும். விவரத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ணிக்கை. ‘கோயில் நகரம், கூட்டத்துக்குக் குறைவில்லை’ என்ற சொல்லை நம்பிப் பத்து, பதினைந்து என்று போடுகிறார்கள். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் மனிதக் கடலாய் இருப்பது உண்மை. அவர்கள் நடக்க வந்தவர்கள், விளையாட வந்தவர்கள் அல்லர். அந்த நாட்களில் வாகனங்களைத் திருப்பிவிடுவதால் நம் வாடிக்கையாளரான உள்ளூர் மாணவரும் வந்துசேர இயலாது. கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாட்களும் அப்படியே. மாதத்தில் இரண்டு நாள் கடை ஓடாது என்றே கணக்கெழுதுங்கள். (அந்த இரவுகளில் கடை வாசலில் ஒரு குடிநீர்க் குடமும், கைப்பேசி மின்னேற்றப் பத்துப் பிளக் கொண்ட ஒரு பலகையும் வைக்கலாம். இரவெல்லாம் நடப்போருக்கு இரண்டும் தேவைப்படும். அண்டை அயலாருக்குச் செய்யும் இந்த உபகாரத்துக்குக் காசு வாங்க வேண்டாம்.)

மீதி நாட்களில் மாணவர் வருவது மாலை நான்கு முதல் இரவு ஒன்பது வரை. மஃரிபும் இஷாவும் இந்த நேரத்துக்குள்ளேதான் வருகின்றன. கல்லாவில் ஒருவரே இருக்கும் கடையில் தொழுகைக்குச் செல்வது எப்படி என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். எல்லாக் கணினிகளின் நேரக்கணக்கையும் ஒரே பொத்தானில் நிறுத்தி வைக்கும் வசதி உள்ள பில்லிங் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஆடுபவரின் நிமிடங்களும் வீணாகாது.

ஓர் எடுத்துக்காட்டுக்காக, நாளொன்றுக்கு மொத்தம் முப்பது மணி நேர ஆட்டத்துக்கு ஆள் வருகிறது, மணிக்கு 60 ரூபாய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வரவு 1,800 ரூபாய். ஆறு கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் உழைக்கும். பத்து இருந்தால் மூன்று மணி நேரம். வரவு இரண்டிலும் அதே 1,800 தான். கூடுதலாக வாங்கிய நான்கு கணினிகளின் விலையும் தேய்மானமும் மட்டுமே மிச்சம். கடைக்கு வெளியே இளைஞர் வரிசையில் காத்து நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகு ஏழாவது கணினியை வாங்கலாமே.

கணினி என்பது நிலமோ தங்கமோ அன்று. வாங்கிய மறுநாளே விலை இறங்கத் தொடங்கும் பொருள். இறங்கும் பொருளை ஏறும் வட்டியில் வாங்குவதில் பரக்கத் எங்கிருந்து வரும்? ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். வங்கி தன் வட்டியைக் கணக்கில் எழுதவே செய்கிறது. அதற்கு ஈடான தொகையை விற்பவர் தள்ளுபடியாகத் தருகிறார். கிரெடிட் கார்டு பட்டியலைப் புரட்டினால் வட்டி என்ற சொல்லும் அதன்மேல் ஜிஎஸ்டியும் அச்சில் இருக்கும். வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைக்கும் யோசனைக்கு நம் கடுமையான எதிர்ப்பைத் தெரிவிக்கிறோம். பணம் போதவில்லையானால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அல்லது இலாபத்திலும் நட்டத்திலும் உண்மையாகவே பங்கேற்கும் கூட்டாளியைச் சேர்த்து, எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். வாயால் பேசிய பங்காளித்தனம் எத்தனை உறவுகளைப் பிரித்திருக்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறியும்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவும், பெங்களூரு எஸ்பி ரோடும் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில், இருநூறு கிலோமீட்டர் அளவில் உள்ளன. பிராசசர், கார்டு, மானிட்டர் ஆகியவற்றை அங்கே வாங்குவது இலாபம். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், மவுஸ், கீபோர்டு, ஹெட்ஃபோன் ஆகியவற்றைச் சில நூறு ரூபாய் கூடினாலும் உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள். அடிக்கடி பழுதாவன இவைதாம். ஒரு மவுஸுக்காகப் பேருந்து ஏற முடியாது. ஆறு கணினிக்கு எட்டு மவுஸ், எட்டு ஹெட்ஃபோன் என்று கூடுதலாகவே வாங்கி வையுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் இவ்வளவு குறைப்பேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். பில் இன்றி வாரண்டி இல்லை, வரி ஏய்ப்பில் நமக்கும் பங்கு சேர்கிறது. ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணும் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் சரிபாருங்கள். பெட்டிகளை எறிந்துவிடாமல் மேல்தட்டில் அடுக்கி வையுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது பெட்டியைக் கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு.

வயரிங் வேலையை மட்டும் பத்துக் கணினிகளுக்கும் சேர்த்து இப்போதே செய்துவிடுங்கள். சுவர் பூசிய பின் மீண்டும் உடைப்பது இரட்டைச் செலவு. மேசையும் பத்துப் பேருக்கு நீளட்டும், நெட்வொர்க் சுவிட்ச் பதினாறு துளை கொண்டதாக இருக்கட்டும். கணினி ஆறு போதும். காலியாக உள்ள நான்கு இடங்களில், காத்திருக்கும் பிள்ளைகள் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும்.